திரையில் நம்மவர்களுக்கு என்ன வேலை?

(மணலி புதுநகரில் நடந்த திரைப்பட உரையாடல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் பார்த்த படங்கள், தொடர்கள் பற்றிக் கருத்துச் சொல்லும்படி தோழர்கள் கேட்டார்கள். எது நல்ல படம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல நான் தேவையில்லை. முதல் காட்சி முடிந்து வெளியே வருவதற்குள் யூடியூப்பில் அதைச் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். இந்தப் படங்களில் நம்மவர்களுக்கு என்ன வேலை?

நம் ஊரில் ‘உனக்கு இங்க என்ன வேலை?’ என்று கேட்டால் அது விரட்டுகிற கேள்வி. அந்தப் பொருளில் நான் கேட்கவில்லை. சொல்லுக்குச் சொல் நேராகவே கேட்கிறேன். திரையில் வருகிற நம் ஆட்கள் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போகிறார்கள்? யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்? அந்தச் சம்பளத்தில் நடுவில் கை வைப்பது யார்? படம் முடியும்போது இதற்கு நமக்குப் பதில் தெரிகிறதா?

சாதி பற்றிப் பேச வேண்டிய மேடையில் வேலை பற்றி ஏன் பேசுகிறாள் என்று நினைக்கலாம். சாதி என்பது ஆளுக்கொரு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடுதானே என்று நியாயம் சொன்னவர்களுக்கு, பாபாசாகேப் அம்பேத்கர் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதில் சொன்னார். வேலையை மட்டும் அது பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி, ஒருவரோடு ஒருவர் சேரவிடாமல் வைக்கிறது என்பதுதான் அவர் வாதம். ஆகவே ஒரு படம் சாதியைப் பேசுகிறதா என்று பார்க்க, அதில் அரிவாள் வருகிறதா, சிலை வருகிறதா, வசனம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வேலை எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நான் முனைவர் பட்டத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் அப்பா இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பகுதியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடுமேனாக இருந்தவர். அதனால் எந்தப் படம் பார்த்தாலும் என் கண் அங்கேதான் போகிறது. இது என் பார்வை. நீங்கள் மறுத்துப் பேசலாம், பேச வேண்டும்.

முதலில் நம் பகுதியை எடுத்துக்கொள்வோம். வடசென்னை தமிழ்த் திரைக்கு முதலில் சிரிப்பாகத்தான் கிடைத்தது. 1958-ல் வந்த ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்சாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசினார். அவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நம் மொழி காமெடி டிராக்கை விட்டு வெளியே வரவே இல்லை. தஞ்சாவூர்த் தமிழ் பேசினால் காதல் வரும், கோவைத் தமிழ் பேசினால் மரியாதை வரும், நம் தமிழ் பேசினால் சிரிப்பு வரும். சிரிப்பு அலுத்த பிறகு அதே வாயில் கத்தியைக் கொடுத்தார்கள்.

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) கவனமாக எடுக்கப்பட்ட படம். துறைமுகத்துக்குப் போகும் சாலைக்காகக் கரையோர மக்களை அப்புறப்படுத்தும் திட்டம் அந்தக் கதையின் உள்ளே இருக்கிறது. ராஜன் என்கிற மனிதர் ஏன் கொல்லப்படுகிறார் என்பதற்கும் அந்த நிலத்துக்கும் தொடர்பு இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே வாழ்கிற நமக்கு அது வெறும் கதை இல்லை. என்றாலும் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அந்த மக்கள் கடலுக்குப் போய் வந்து மீனை எந்த விலைக்கு யாரிடம் போடுகிறார்கள் என்று தெரிகிறதா? அன்பு கேரம் ஆடுகிறான், சிறைக்குப் போகிறான், வெளியே வருகிறான். நிலத்தைக் காப்பாற்றச் சண்டை போடுகிறவர்கள் நமக்கு மனப்பாடம். அந்த நிலத்தில் நின்று பிழைப்பவர்களின் பிழைப்பு மங்கலாகத்தான் இருக்கிறது.

தனுஷ் இயக்கிய ‘ராயன்’ (2024) இன்னும் வெளிப்படையான உதாரணம். அண்ணன் தம்பிகள் சாப்பாட்டு வண்டி நடத்துகிறார்கள். நம் தெருமுனையில் சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிற வண்டி எத்தனை! கேஸ் சிலிண்டர் என்ன விலை, கோழி என்ன விலை, போலீஸ்காரருக்கு எத்தனை பொட்டலம், மழை வந்தால் அன்றைய மாவு என்ன ஆகும், இதற்குள்ளேயே ஒரு முழுப் படம் இருக்கிறது. அந்தப் படத்தில் வண்டி, கத்தி வருவதற்கு முன்னால் வைக்கப்பட்ட முன்னுரை. கத்தி வந்ததும் வண்டி ஓரமாகப் போய்விடுகிறது.

சினிமாதானே, இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்கலாம். சொல்கிறேன். நம் பிள்ளைகள் முடியை வெட்டிக் கலர் அடித்துக்கொண்டால் ‘புள்ளிங்கோ’ என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது. அந்த முடியோடு பைக்கில் மூன்று பேர் போனால் செக்போஸ்ட்டில் நிறுத்துகிறார்கள். அதே முடியோடு வேறு பகுதியில் போனால் அது ஃபேஷன். ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் வாரம், ஊர் எது என்று கேட்ட ஒருவரிடம் மணலி புதுநகர் என்றேன். ‘அங்கல்லாம் ஈவினிங் ஆறு மணிக்கு மேல வெளிய வர முடியாதாமே’ என்றார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எங்கே பார்த்தார்? திரையில்தான் பார்த்தார். ஆறு மணிக்கு மேல் இங்கே நைட் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற ஆட்களை அவருக்கு எந்தப் படமும் காட்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்களாக நம்மைப் பார்க்காத கண், கத்தி எடுக்கிறவர்களாக மட்டும்தான் பார்க்கும். நம் பிள்ளைகள் மேல் சந்தேக வழக்கு போடும் கையும், வாடகைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்தும் கையும் அந்தக் கண்ணின் பேச்சைத்தான் கேட்கின்றன.

இந்த இடத்தில் பா. இரஞ்சித்தின் பங்கைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ‘அட்டகத்தி’ (2012), ‘மெட்ராஸ்’ (2014), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகியவை நம் வீடுகளின் உள்ளே கேமராவைக் கொண்டுவந்தன. நம் வீட்டில் காதல் உண்டு, கணவன் மனைவி பேசிக்கொள்வது உண்டு, புத்தகம் உண்டு, சுவரில் அம்பேத்கர் உண்டு என்று தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். ‘மெட்ராஸ்’ காளி ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து அடையாள அட்டையோடு ஒருவன் கிளம்பிப் போவதைத் திரையில் பார்த்தபோது இங்கே பல பேருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எனக்கும்தான். ‘சார்பட்டா’வில் கபிலன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தொழிலாளி. குத்துச்சண்டை வீரனின் தோள் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தப் படம் பதில் வைத்திருக்கிறது.

என் ஆசை அதற்கு அடுத்த படி. காளி போகிற அலுவலகத்தில் அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று யார் கேட்டார்கள்? டீம் லீடராக யார் ஆனார்கள்? கபிலனின் துறைமுகத்தில் மேஸ்திரி யார், கூலியை எண்ணிக் கொடுத்தது யார், எடுத்துக்கொண்டது யார்? களத்துக்கு வெளியே நடக்கும் இந்தச் சண்டையில்தான் நம் அப்பாக்கள் தினமும் இறங்கினார்கள். அதற்கு மணி அடிப்பதில்லை, ரவுண்டு கணக்கும் கிடையாது.

இதை ஒரு படம் காட்ட முடியுமா என்றால், முடியும் என்று காட்டிய படங்கள் நம் கையிலேயே இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் நான்கைச் சொல்கிறேன்.

மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ 2015-ல் திரைக்கு வந்தது. இரண்டு சிறுவர்கள் ரயில் தண்டவாளத்தில் விழும் கரியைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். பீட்சாவின் விலை நமக்குத் தெரியும், கரிக்குக் கிடைக்கும் காசும் தெரியும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் படம். பணம் சேர்ந்த பிறகும் கடைக்குள்ளே விடவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் அடி. காசு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட எளிமையாகப் பதில் சொல்ல முடியாது.

மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024). தார் சுமக்கும் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். கிடைக்கிறது. ஆனால் அந்த ஒரு ரூபாயை வியாபாரி வண்டிச் செலவில் மிச்சம் பிடிக்கிறார். சுமை ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. அந்தச் சாவை விதி என்றோ விபத்து என்றோ நம்மால் சொல்லிவிட முடிவதில்லை. காரணம், கணக்கு நம் கண் முன்னே போடப்பட்டுவிட்டது. கூலி, வண்டி, சாவு மூன்றையும் ஒரே நூலில் கோத்ததுதான் அந்தப் படத்தின் பலம். அழுதுவிட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு ரூபாயை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கவலை.

பிராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’ (2021). காவல் நிலையத்தில் சிக்கவைக்கப்படும் இளைஞன் ஒரு ஆய்வு மாணவன் என்பதால் எனக்குத் தூக்கம் போன படம். அதில் ஒரு பெண் காவலர் வருகிறார். குதிரைப்படைக்குத் தேர்வானவர். அவரைக் குதிரையில் ஏற விடாமல் சாணி அள்ளச் சொல்கிறார்கள். காரணம் அவர் சாதி. அரசு வேலை, சீருடை, சம்பளம் எல்லாம் கிடைத்த பிறகும் வேலைக்குள்ளே இன்னொரு வேலை பிரிக்கப்படுகிறது. பாபாசாகேப் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

‘விட்னஸ்’ (2022). தீபக் இயக்கியது, சோனிலிவ் தளத்தில் நேரடியாக வந்தது. ரோகிணி தூய்மைப் பணியாளராக நடித்திருக்கிறார். படிக்கிற மகனை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். மகன் சாகிறான். அம்மா வழக்குக்கு நிற்கிறார். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதையே 30 லட்சம் ஆக்கியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சாவும் இருக்கிறது. இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து இருக்க முடிகிறது என்று அந்தப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. யார் கூப்பிட்டார்கள், யார் அனுப்பினார்கள், யார் கையெழுத்துப் போடவில்லை என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கிறது. ஒப்பந்தம் என்பது எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அப்போது புரிகிறது. சாவு நடந்தால் யாருடைய ஆளும் இல்லை என்று சொல்வதற்காகத்தான்.

இந்த நான்கும் ஒரே மாதிரிப் படங்கள் இல்லை. நான்கிலும் ஒன்று பொது. யார் என்ன வேலை செய்கிறார்கள், அதை யார் அவர்களிடம் தள்ளினார்கள் என்று படம் முடியும்போது நமக்குத் தெரியும்.

தொடர்களுக்கு வருகிறேன். அமேசானில் வந்த ‘சுழல்’ (2022) தொடங்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிமென்ட் ஆலை, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், ஆலையில் தீ. நம் கதை வருகிறது என்று நினைத்தேன். தொடர் ஒரு பெண் காணாமல் போன மர்மத்தின் பின்னால் போகிறது. அந்த மர்மமும் முக்கியமான ஒன்றைத்தான், வீட்டுக்குள் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையைத்தான், பேசுகிறது. அதற்காக அதைப் பாராட்டலாம். ஆனால் ஆலை கதைக்கு வாசற்படியாக மட்டும் நின்றுவிடுகிறது. அங்கே நிரந்தரத் தொழிலாளி யார், ஒப்பந்தத் தொழிலாளி யார், மூட்டைப் பிரிவில் தூசி தின்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று தொடர் கேட்கவில்லை.

வீட்டில் அம்மாக்கள் பார்க்கிற சீரியல்களை நாம் விமர்சனத்துக்கே எடுப்பதில்லை. எடுக்க வேண்டும். நம் வீடுகளில் தினமும் ஓடுவது அவைதான். பெரும்பாலான சீரியல்களில் வீடு என்றால் மாடிப்படி வளைந்து இறங்குகிற பங்களா. வேலைக்காரப் பெண் தட்டில் காபியோடு வருவார், ஒட்டுக் கேட்பார், போவார். விடியற்காலை ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறி, ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் ஹவுஸ்கீப்பிங் செய்துவிட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து அதைப் பார்க்கிற பெண்ணுக்கு அந்தத் திரையில் கிடைத்த பங்கு காபித் தட்டு. அவர் அதை ரசித்துப் பார்க்கிறார் என்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. களைத்து வந்தவருக்கு ஓய்வு வேண்டும். எழுதுகிறவர்களிடம்தான் என் கேள்வி.

இப்போது உங்களில் சிலர் மனதில் இருக்கும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு தம்பி கேட்டார்: ‘அக்கா, எப்பப் பாத்தாலும் நம்மள மூட்டையோடயும் சாக்கடையோடயும்தான் காட்டணுமா? நாமளும் ஹீரோவா கெத்தா வரக் கூடாதா?’

வரலாம். வர வேண்டும். கொண்டாட்டம் நம் உரிமை. மெட்ராஸ், சார்பட்டா, கபடியை வைத்து வந்த மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ (2025) எல்லாம் அந்த உரிமையைக் கேட்டு வாங்கிய படங்கள். ஆனால் தம்பி, மூட்டை தூக்குவது கேவலம் என்று நம்மை நம்பவைத்தது யார்? வேலையில் கேவலம் இல்லை. ஒரே வேலையைத் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவுக்கு ஒதுக்கி வைப்பதில்தான் கேவலம் இருக்கிறது. அது ஒதுக்குகிறவர்களின் கேவலம். திரையில் வேலையை மறைத்தால் நம் மானம் காப்பாற்றப்படாது, அவர்கள் மானம்தான் காப்பாற்றப்படும். அப்புறம் கெத்து பற்றி. எழுபது அடி உயரத்தில் பைப் லைனில் வெல்டிங் செய்கிறவரைவிடக் கெத்தான ஆளை எந்தச் சண்டைப் பயிற்சியாளராலும் உருவாக்க முடியாது. அவர் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில்கூட இருக்காது என்பதுதான் கதை.

இன்னொரு எதிர்வாதம் வெளியிலிருந்து வருவது. ‘பரியேறும் பெருமாள்’ (2018), ‘கர்ணன்’ (2021), ஊராட்சித் தலைவர் பதவி பற்றிய ‘நந்தன்’ (2024) எல்லாம் பார்த்துவிட்டு நகரத்து நண்பர்கள் உண்மையாகவே கலங்குகிறார்கள். ‘கிராமத்துல இன்னும் இவ்வளவு இருக்கா’ என்கிறார்கள். அந்தக் கேள்வியில் ஒரு நிம்மதியும் ஒளிந்திருக்கிறது. சாதி தெற்கே இருக்கிறது, பஸ் ஏறிப் போனால்தான் பார்க்க முடியும் என்கிற நிம்மதி. நகரத்தில் சாதிக்கு வேறு பெயர்கள் உண்டு. கான்ட்ராக்ட் என்று ஒரு பெயர். மறுகுடியமர்த்தல் என்று ஒரு பெயர். தொழில் மண்டலம் என்று ஒரு பெயர். சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம், சாம்பல் குளம், குப்பைக்கிடங்கு என்று இத்தனையும் ஊரின் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று நம்பச் சொல்கிறார்கள். பூண்டி ஏரி திறந்தால் கொசஸ்தலை ஆறு நம் தெருவுக்குள் வருகிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்தபோது, அந்த எண்ணெயில் இறங்கி வாளியால் அள்ளியவர்கள் மீனவர்கள். யாரோ சிந்தியதை யார் அள்ளுவது என்று இந்த நகரத்தில் யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு படமும் ஒரு நிகழ்ச்சியும்.

2025 ஆகஸ்ட் 14 அன்று லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ வெளிவந்தது. நாமும் பார்த்தோம், விசில் அடித்தோம். நாயகன் முன்னாள் கூலித் தொழிலாளி, சங்கத் தலைவராக இருந்தவர் என்பது பின்கதை. விசாகப்பட்டினம் துறைமுகமும் அங்கே அடிமைகளைப் போல வைக்கப்பட்டிருக்கும் தொழிலாளர்களும் கதையில் உண்டு. படத்தின் பெயரே ‘கூலி’. ஆனால் அந்தத் துறைமுகம் கடத்தல் நடக்கிற இடமாகத்தான் நமக்கு நினைவில் நிற்கிறது. தொழிலாளர்கள் நாயகன் வந்து காப்பாற்றக் காத்திருக்கிற கூட்டம். கூலி என்ற சொல்லில் சம்பளம் என்றொரு பொருள் இருக்கிறதே, அதைப் பற்றிப் படத்தில் பெரிதாகப் பேச்சில்லை.

இனி நிகழ்ச்சி. அதே ஆகஸ்ட் 1-ஆம் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. பெண்கள் அதிகம். மழையிலும் வெயிலிலும் பதின்மூன்று நாள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தக் காட்சிகளைச் செல்போனில் பார்த்தோம். சில மணி நேரம் கழித்து விடிந்தபோது தமிழ்நாடு முழுக்க ‘கூலி’ திருவிழா.

இதற்கு இயக்குநர் பொறுப்பில்லை, நடிகர் பொறுப்பில்லை. தேதிகள் அப்படி அமைந்தன. ஆனால் அந்த இரவும் அந்தக் காலையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கூலி என்ற சொல் திரையில் எழும்பி நின்றால் கைதட்டுகிற ஊர், அதே சொல் நடைபாதையில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறது. திரையில் ஒரு தனி ஆள் கேட்டால் நியாயம். தெருவில் சங்கமாகக் கேட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அந்தப் பதின்மூன்று நாளில் ஒரு படத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. தாய்மார்கள், பாட்டு, பசி, பேச்சுவார்த்தை, நள்ளிரவு. வில்லன் மட்டும் ஒற்றை முகமாக இல்லை. டெண்டர் என்கிற காகிதமாக இருந்தார். நம் சினிமாவுக்கு அந்த வில்லனை எடுக்கத் தெரியவில்லை, அல்லது எடுக்க மனமில்லை.

எடுக்கப்படாத படங்களில் மிகப் பெரியது ஒன்று நம் பகுதியிலேயே இருக்கிறது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பக்கிங்காம் கர்னாட்டிக் மில் தொழிலாளர்களை வைத்து. அதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். 1921-ல் அதே மில்லில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் இன்னொரு பக்கமும் ஆனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. எம்.சி. இராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். அவர்கள் ஏன் வேலைக்குத் திரும்பினார்கள்? கருங்காலிகளா? அல்லது, வேலைநிறுத்தம் முடிந்ததும் யார் தங்களை மறுபடி சேரிக்குள் தள்ளுவார்கள் என்று தெரிந்தவர்களா? தொழிலாளர் ஒற்றுமை என்று நாம் முழங்குகிற ஒவ்வொரு முறையும் புளியந்தோப்பு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலையும் சாதியும் ஒரே கதை என்று காட்ட அதைவிடப் பெரிய களம் எங்கே கிடைக்கும்? நூறு ஆண்டு தாண்டிவிட்டது. இன்னும் ஒரு இயக்குநருக்குக் காத்திருக்கிறது.

தோழர்களே, நாம் சினிமாவைக் கொண்டாடுகிற மக்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு நம் ஷிஃப்ட் காசு, ஓ.டி. காசு. அந்தக் காசுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அடுத்த படம் பார்த்துவிட்டு வரும்போது, சண்டை எப்படி, பாட்டு எப்படி என்று பேசி முடித்த பிறகு, இவங்க எல்லாம் என்ன வேலை செய்தாங்க என்று பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு தடவை கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், அந்தப் படம் நம்மைப் பாதிதான் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே இருக்கிற தம்பி தங்கைகள் பலரிடம் நல்ல கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. உங்கள் அம்மாவும் அப்பாவும் செய்த வேலையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த கேட் வழியாகப் போனார்கள், கேட் பாஸ் என்ன நிறம், மேஸ்திரி எப்படிக் கூப்பிட்டார், எங்கே உட்கார்ந்து சாப்பிட விட்டார்கள், முதல் சம்பளம் எத்தனை ரூபாய், எந்த வருடம் பி.எஃப். பிடித்துக் கட்டாமல் போனார்கள் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். பெரிய திரைக்கு அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாளை நம் தெருவிலிருந்து ஒருவர் படம் எடுக்க உட்காரும்போது, கத்தியைத் தவிர வேறு ஒன்றும் கையில் இல்லாமல் அவர் உட்காரக் கூடாது.

இனி நீங்கள் பேசுங்கள். மறுப்பு உள்ளவர்கள் முதலில் வரலாம்.